முழுப்பேரா, அரைப்பேரா: ரேடியோ பொத்தான் சொன்னபடி கேட்காதபோது

ஹட்டனில் சனிக்கிழமைதோறும் நான் எடுக்கும் கணினி வகுப்பில், பைதன் படிக்கும் உயர்தர மாணவர்களுக்கு முதல் செயற்றிட்டமாக ஒரு செக்ரோல் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாள் வருகைப் பதிவேடு) பதிவுத் திரையைத்தான் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். நூலகம், மருந்துக்கடை என்று வழக்கமாக வரும் உதாரணங்களைவிட இது அவர்களுக்கு வீட்டுச் சமாசாரம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் வந்தாரா, மாலையில் கொழுந்து மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் பறித்த கொழுந்தை நிறுத்தபோது கேட்ட கிலோ இருந்ததா என்று பார்த்து, அவருக்கு நேரே முழுப்பேர், அரைப்பேர், வரவில்லை என்ற மூன்றில் ஒன்றைப் போடுவார்கள். மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: இங்கே ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். அரைப்பேர் விழுந்த நாளில் வீட்டில் சமையலே கொஞ்சம் அமைதியாக நடக்கும்.

மூன்றில் ஒன்று, ஒன்றே ஒன்று. ரேடியோ பொத்தானுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. பழைய கார் வானொலியில் ஒரு நிலையத்தின் பொத்தானை அழுத்தினால், முன்பு அழுத்தியிருந்தது டக்கென்று வெளியே வந்துவிடும். பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தக் கார் வானொலியே மாணவர்களைத் திசைதிருப்புகிறது. அங்கே பொத்தான்களை உள்ளே ஒரு பொறி பிணைத்திருந்தது. பைதனில் திரை அமைக்கும் தொகுதியான டிகேஇன்டரில் பொத்தான்களுக்கு ஒன்றையொன்று தெரியவே தெரியாது. ஒவ்வொரு பொத்தானும் ஒரு மாறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாறியில் இருப்பது தன்னுடைய பெறுமானத்துக்குச் சமம் என்றால் புள்ளி வைத்துக்கொள்கிறது, இல்லையென்றால் எடுத்துவிடுகிறது. சொடுக்கினால் தன் பெறுமானத்தை அந்த மாறியில் எழுதுகிறது. வேறு எந்த நினைவும் அதற்குக் கிடையாது. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, இதை மறந்ததால் வருபவை.

கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். செய்நிரலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்; எங்கே பெரிய எழுத்து வரும் என்பதை அவசியமான இடத்தில் சொல்கிறேன்.

ஒழுங்காக ஓடும் வடிவம்

நோயைப் பார்க்கும் முன் சுகதேகியைப் பார்த்துவிடுவோம். டிகேஇன்டரை இறக்குமதி செய்து, டிகே என்ற பிரதான சாளரம் ஒன்றை உருவாக்குங்கள். ‘வருகை’ என்ற பெயரில் முழு எண்ணை வைத்திருக்கும் ஓர் இன்ட்வார் மாறி, தொடக்கப் பெறுமானம் 0. பிறகு மூன்று ரேடியோபட்டன்கள். மூன்றுக்கும் வேரியபிள் என்ற இடத்தில் அதே வருகை மாறி. வேல்யூ மட்டும் 1, 2, 3. டெக்ஸ்ட் என்ற இடத்தில் முழுப்பேர், அரைப்பேர், வரவில்லை. ஒவ்வொன்றையும் பேக் கொண்டு சாளரத்தில் வைத்து, கடைசி வரியில் மெயின்லூப். தெரிவானதை அறிய வருகை மாறியின் கெட்.

வேரியபிள் எல்லாவற்றுக்கும் ஒன்று. வேல்யூ ஒவ்வொன்றுக்கும் வேறு. 0 யாருக்கும் சொந்தமில்லை. இந்த 0 விஷயத்துக்குத் திரும்பி வருவேன்.

பொத்தான் திரையில் வரவே இல்லை

பிழைச் செய்தியோடு நின்றால் முதலில் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். டிகேஇன்டரில் ரேடியோபட்டன் என்ற பெயருக்கு முதல் எழுத்து மட்டுமே பெரியது, பட்டனின் ‘ப’ சிறியது. ஜாவாவிலும் கியூட்டி என்ற இன்னொரு திரைக் கருவியிலும் அது பெரிய எழுத்து என்பதால், அங்கிருந்து வருபவர்கள் எல்லோரும் தவறாமல் இதில் ஒரு தடவை விழுகிறார்கள். அப்படி ஒன்று இந்தத் தொகுதியில் இல்லை என்று பைதன் சொல்லும்.

பிழையே இல்லாமல் காலியான சாளரம் மட்டும் வந்தால் பேக், கிரிட் இரண்டில் ஒன்றை மறந்துவிட்டீர்கள். பொத்தானை உருவாக்குவது ஒரு வேலை, அதைச் சாளரத்தில் உட்கார வைப்பது இன்னொரு வேலை. உட்கார வைக்கும்போதும் ஒரே பெட்டிக்குள் சிலவற்றைப் பேக் மூலமும் சிலவற்றைக் கிரிட் மூலமும் வைக்கக் கூடாது. டிகேஇன்டருக்கு அடியில் வேலை செய்யும் டிகே உடனே மறுத்துவிடும். வேறு வேறு ஃபிரேமுக்குள் வேறு வேறு முறை என்றால் ஆட்சேபம் இல்லை.

பைதனோடு வரும் ஐடில் செயலியில் ஓட்டும்போது வந்த சாளரம், கோப்பை நேரடியாகத் திறந்தால் மின்னி மறைகிறதா? மெயின்லூப் வரி இல்லை. ஐடில் தன் பங்குக்குச் சாளரத்தை உயிரோடு வைத்திருப்பதால் அங்கே அந்தக் குறை தெரிவதில்லை.

நேற்று ஓடியது, இன்று ‘தெரியாத தெரிவு’ என்கிறது

பின்னணி நிறம், எழுத்துரு என்று ஏதோ ஒன்றை டிகே ஏற்க மறுக்கிறது. கோப்பின் தொடக்க வரிகளைப் பாருங்கள். டிகேஇன்டரிலிருந்து நட்சத்திரக் குறியிட்டு எல்லாவற்றையும் இறக்கி, அதன் கீழே அதன் புதிய பாணிப் பொத்தான்கள் உள்ள டிடிகேயிலிருந்தும் நட்சத்திரக் குறியிட்டு இறக்கியிருப்பீர்கள். இரண்டிலும் ரேடியோபட்டன் உண்டு. பின்னால் வந்தது முன்னால் வந்ததை மூடிவிடும். டிடிகேயின் பொத்தான் நிறத்தையும் எழுத்துருவையும் நேரடியாக வாங்காது. ஸ்டைல் என்ற தனிப் பொருளில், டிரேடியோபட்டன் என்ற பாணிப் பெயருக்கு அவற்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளும் பெரியவை.

நட்சத்திர இறக்குமதியை நான் வகுப்பில் தடைசெய்தே விட்டேன். இரண்டுக்கும் சுருக்கப் பெயர் கொடுத்து, எந்தப் பொத்தான் எந்த வீட்டைச் சேர்ந்தது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

திறந்தவுடனே எல்லாப் பொத்தான்களும் தெரிவானதுபோல் இருக்கின்றன

இதைப் பார்த்துப் பயந்துபோகாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. யாரும் எதையும் தொடவில்லை; ஆனால் மூன்றிலும் ஏதோ அரைகுறையாக நிரம்பியிருக்கிறது. ஒன்றைச் சொடுக்கியதும் எல்லாம் சரியாகிவிடும். மறுபடி திறந்தால் மறுபடி அதே கோலம்.

சாதாரண டிகே ரேடியோபட்டனுக்குத் தெரிவானது, தெரிவாகாதது என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு நிலை உண்டு: இன்னும் முடிவாகவில்லை. மாறியில் எந்தப் பெறுமானம் இருந்தால் அந்த நிலை என்பதை ட்ரைஸ்டேட்வேல்யூ என்ற பண்பு சொல்கிறது. அதன் இயல்புநிலை வெற்றுச் சரம். நீங்கள் எடுத்தது எழுத்துச் சரத்தை வைத்திருக்கும் ஸ்ட்ரிங்வார். அதன் தொடக்கமும் வெற்றுச் சரம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. ஆகவே மூன்று பொத்தான்களும் ‘முடிவாகவில்லை’ என்று முகம் காட்டுகின்றன. பொத்தான்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன.

தீர்வு: ஸ்ட்ரிங்வாரில் எந்தப் பொத்தானுக்கும் சொந்தமில்லாத ஒரு சொல்லைத் தொடக்கமாக வையுங்கள், ‘இல்லை’ என்ற சொல்கூடப் போதும். அல்லது மேலே சொன்னபடி இன்ட்வாரும் 0-உம். 0 வேறு, வெற்றுச் சரம் வேறு என்பதால் எல்லாப் பொத்தான்களும் சுத்தமாக வெறுமையாக இருக்கும்.

யாரும் தொடாமலே ஒன்று தெரிவாகி நிற்கிறது

இன்ட்வார் தொடக்கம் எப்போதும் 0. உங்கள் பொத்தான்களை 0, 1, 2 என்று எண்ணியிருந்தால் 0-க்கு உரியது தானாகவே தெரிவாகிவிடும். நிரல் எழுதுபவர்களுக்கு 0-விலிருந்து எண்ணுவது கைப்பழக்கம். அதனால்தான் இது இவ்வளவு பரவலாக நடக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்ட அலுவலகத்துக்குச் சிறிய பதிவுச் செயலி ஒன்று எழுதிக் கொடுத்தேன். வரவில்லை 0, அரைப்பேர் 1, முழுப்பேர் 2. கணக்குக்கு வசதியான ஏற்பாடு என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. பாதியால் பெருக்கினால் பேர் வந்துவிடும் அல்லவா. அவசரத்தில் பதிபவர் ஒருவரின் வரியில் பொத்தானைத் தொட மறந்து சேமித்தால், அந்த ஆள் வரவில்லை என்று பதிவாகும். திரையிலும் அப்படித்தான் இருக்கும், ஒரு கேள்வியும் எழாது. சம்பள நாளன்று ஒரு அம்மா அலுவலகத்துக்கு வந்து, “நான் அந்த ரெண்டு நாளும் மலையில் நின்றேனே ஐயா” என்றார். மடுவத்து நிறுவைப் புத்தகத்தில் அவர் கிலோ இருந்ததால் தப்பித்தோம். தவறு பதிந்தவருடையது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்து பார்த்தேன். வரவில்லை என்று பதிந்தது நான்தான்.

ஆகவே என் கருத்து இது, மாற்றுக்கருத்து உள்ளவர்கள் இருக்கலாம்: எழுத்தளவை, மொழித் தெரிவு போன்றவற்றில் முன்கூட்டியே ஒன்றைத் தெரிவுசெய்து வைப்பது உதவி. வருகை, ஆணா பெண்ணா, சாதகமா பாதகமா என்ற கேள்விகளில் அது உதவியல்ல. பதிபவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லிவிடுகிறீர்கள். 0-ஐக் காலியாக விடுங்கள்.

ஒன்றைச் சொடுக்கினால் எல்லாம் தெரிவாகின்றன

எல்லாவற்றுக்கும் ஒரே வேல்யூ. வரியை நகலெடுத்து ஒட்டி, டெக்ஸ்டை மட்டும் மாற்றிவிட்டு வேல்யூவை மறந்திருப்பீர்கள். வேல்யூவே எழுதாமல் விட்டாலும் இதே விளைவுதான்: டிடிகே பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் தானாக 1 என்று எடுத்துக்கொள்ளும்.

ஒன்றைத் தெரிவுசெய்தாலும் மற்றது அணையவில்லை

இது முந்தியதன் மறுபக்கம். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி மாறி இருக்கிறது. பெரும்பாலும் ஃபார் லூப்புக்குள் இன்ட்வாரை உருவாக்கியதால் வருவது. சுற்று ஒவ்வொன்றிலும் ஒரு புது மாறி பிறக்கிறது. மாறியை லூப்புக்கு மேலே, ஒரே தடவை உருவாக்குங்கள்.

வருகையைத் தொட்டால் வேலை வகை அணைகிறது

எங்கள் செயற்றிட்டத்தில் இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு: அன்றைய வேலை கொழுந்தா, கவ்வாத்தா (செடியை வெட்டிவிடுவது), புல்வெட்டா, உரமா. முழுப்பேரைச் சொடுக்கியதும் கவ்வாத்து அணைந்துபோகிறது என்றால், இரண்டு கேள்விகளும் ஒரே மாறியைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு ஃபிரேமில் தனித்தனியாக வைத்திருக்கிறேனே என்பார்கள் மாணவர்கள். டிகேக்கு ஃபிரேம் வெறும் வேலி; வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அது பார்ப்பதில்லை. மாறிதான் குடும்பம்.

இதில் மறைவாக ஒரு வடிவம் இருக்கிறது. வேரியபிளை எங்குமே எழுதவில்லை என்றால், எல்லா ரேடியோ பொத்தான்களும் டிகே தானே வைத்திருக்கும் ஒரே பொது மாறியில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே ஒரு கேள்வி உள்ள திரையில் வேல்யூ மட்டும் சரியாக இருந்தால் அது ஒழுங்காகவே ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாவது கேள்வியைச் சேர்த்த நாளில்தான் வெளிப்படும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் காலையில் கொழுந்தும் மதியம் புல்வெட்டும் செய்தால் வேலை வகைக்கு ரேடியோ பொத்தானே பொருந்தாது, ஒன்றுக்கு மேல் தெரிவுசெய்ய விடும் செக்பட்டன் வேண்டும். நமது பாராளுமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள்: கட்சி ஒன்றே ஒன்று, அது ரேடியோ, விருப்பு வாக்கு மூன்று வரை, அது செக்பட்டன். திரையை வரையும் முன் அந்தச் சீட்டை மனத்தில் வைத்து ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

தொடக்கத் தெரிவு சொன்னேன், ஆனால் திரையில் இல்லை

ஸ்ட்ரிங்வாருக்குச் சரியான தொடக்கம் கொடுத்திருக்கிறீர்கள். வேல்யூவும் சரி. சாளரம் திறந்தால் எதுவும் தெரிவாகவில்லை, அல்லது டிடிகே பொத்தான்களில் தெரிவும் இல்லாத தெரிவாகாததும் இல்லாத அந்த மூன்றாம் நிலை. ஒரே வரியை மூன்று மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்க வைக்கும் கோளாறு இது, ஏனென்றால் அந்த வரியில் தவறே கிடையாது.

மாறியை ஒரு சார்புக்குள் உருவாக்கினீர்களா? சார்பு முடிந்ததும் அதன் உள்ளூர் பெயர்கள் போய்விடும். பைதன், இந்த மாறியை இனி யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று அதை அழிக்கிறது. அழியும்போது டிகேயின் பக்கத்தில் இருக்கும் இணை மாறியையும் துடைத்துவிட்டுப் போகிறது. பொத்தானுக்குத் தெரிந்தது அந்த மாறியின் பெயர் மட்டுமே. பைதன் பொருளை அது பிடித்து வைத்திருக்கவில்லை. பொத்தான்கள் திரையில் இருக்கின்றன, அவை பார்த்துக்கொண்டிருந்த மாறி இல்லை.

வகுப்பு எழுதுகிறீர்கள் என்றால் மாறியின் பெயருக்கு முன்னால் செல்ஃப் போட்டு வையுங்கள். வகுப்பு இல்லையென்றால் மாறியைச் சார்புக்கு வெளியே உருவாக்குங்கள். தாம் எழுதிய மெயின் சார்புக்குள்ளேயே மெயின்லூப்பையும் அழைப்பவர்களுக்கு இது வருவதில்லை. சாளரம் மூடும்வரை அந்தச் சார்பு முடியாது அல்லவா.

சொடுக்காமலே சார்பு ஓடுகிறது, சொடுக்கினால் ஓடுவதில்லை

கமாண்ட் என்ற இடத்தில் சார்பின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டுவிட்டீர்கள். அடைப்புக்குறி என்றால் ‘இப்போதே ஓடு’. பொத்தான் பிறக்கும்போதே ஓடி முடிந்து, திரும்பி வந்த வெறுமை கமாண்டில் போய் உட்காருகிறது. பெயரை மட்டும் கொடுங்கள்.

எதைச் சொடுக்கினாலும் கடைசிப் பொத்தானின் வேலையே நடக்கிறது

ஃபார் லூப்புக்குள் லாம்டா, அதாவது பெயரில்லாத சிறு சார்பு. லாம்டா, லூப் மாறியின் அன்றைய பெறுமானத்தை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. அழைக்கும்போதுதான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து கடைசிப் பெறுமானம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. லூப் மாறியின் பெயர் கு என்றால், லாம்டாவின் உள்ளீட்டுப் பட்டியலிலேயே ‘கு சமன் கு’ என்பதுபோல் இயல்புநிலைப் பெறுமானமாக எழுதினால் அந்தக் கணத்துப் பெறுமானம் பிடிபடும். உண்மையில் ரேடியோ பொத்தானுக்கு இந்த வித்தையே தேவையில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சார்பைக் கொடுத்து, அதற்குள் மாறியைக் கெட் செய்யுங்கள்.

செய்நிரலே மாற்றும்போது கமாண்ட் ஓடவில்லை

கமாண்ட் ஓடுவது சொடுக்கும்போது மட்டும். வருகை மாறியை நீங்கள் செட் மூலம் மாற்றினால் புள்ளி நகரும், கமாண்ட் ஓடாது. எந்த வழியாக மாறினாலும் தெரிய வேண்டும் என்றால் மாறியின் மீதே ட்ரேஸ்ஆட் வையுங்கள், பைதன் 3.6 முதல் இந்தப் பெயரில் இருக்கிறது. இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு உண்டு. ‘ரைட்’ என்ற சொல்லையும் உங்கள் சார்பையும் கொடுக்க வேண்டும். அந்தச் சார்புக்கு டிகே மூன்று உள்ளீடுகளை அனுப்பும். தேவையில்லை என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே தெரிவாகியிருப்பதை மறுபடி சொடுக்கினாலும் கமாண்ட் ஓடும். கமாண்டில் எதையாவது கூட்டிக்கொண்டிருந்தால் கணக்கு இரட்டிக்கும்.

இரண்டாவது சாளரத்தில் கெட் எப்போதும் வெறுமை

புதிய சாளரத்துக்காக டிகேயை இரண்டாவது தடவை அழைத்திருக்கிறீர்கள். அது இன்னொரு சாளரம் அல்ல, இன்னொரு உலகம். பெயர் சொல்லாமல் உருவாக்கிய மாறி முதல் உலகத்தில் பிறக்கும். பொத்தான்கள் இரண்டாம் உலகத்தில் எழுதிக்கொண்டிருக்கும். டாப்லெவலைப் பயன்படுத்துங்கள். டிகே ஒரு செய்நிரலுக்கு ஒன்றே ஒன்று.

சேமித்ததைத் திறந்தால் பொத்தான் தெரிவாகவில்லை

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இதில் தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது.

முதலில் எண்ணுக்கு வரும் சிக்கல். எக்செல் கோப்பைப் பாண்டாஸ் என்ற பைதன் நூலகம் மூலம் படித்தீர்கள். வருகை நெடுவரிசையில் எங்கோ ஒரு கட்டம் காலி. காலி இருந்தால் பாண்டாஸ் அந்த நெடுவரிசை முழுவதையும் தசமமாக்கிவிடும். 2 என்பது 2.0 ஆகிறது. அதை இன்ட்வாரில் செட் செய்தால் கெட் உங்களுக்கு 2 என்று சரியாகவே சொல்லும். ஆனால் டிகேயின் பொத்தான் ஒப்பிடுவது எண்ணை அல்ல, எழுத்தை. அதன் கண்ணுக்கு 2.0-உம் 2-உம் வேறு. கெட் சரி, திரை காலி. செட் செய்யும் முன் இன்ட் ஆக்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் கோப்பிலிருந்து படித்தால் வரி முடிவுக் குறியும் ஒட்டிக்கொண்டு வரும், ஸ்ட்ரிப் செய்யுங்கள்.

இனித் தமிழ். வேலை வகைக்கு வேல்யூவாக ‘கொழுந்து’ என்ற சொல்லையே வைத்தார் ஒரு மாணவி. கோப்பிலும் கொழுந்து, நிரலிலும் கொழுந்து. அச்சிட்டுப் பார்த்தால் ஒரே சொல். ஆனால் பொத்தான் அசையவில்லை. கவ்வாத்து, புல்வெட்டு, உரம் மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன. இரண்டு சரங்களின் நீளத்தையும் லென் மூலம் எண்ணச் சொன்னேன். ஒன்றில் 8, மற்றதில் 9.

யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாக வைப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக வைப்பது மற்றொன்று. திரையில் வித்தியாசம் தெரியாது. எந்த விசைப்பலகையில் அடித்தீர்கள், எந்த மாற்றியில் மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று கோப்பில் விழும். ஒகரமோ ஓகாரமோ ஏறிய எழுத்து உள்ள எல்லாச் சொற்களிலும் இது பதுங்கியிருக்கலாம். ஔகாரத்தில் இன்னும் மோசம்: அதன் வலப்பக்கக் குறிக்குப் பதிலாக ள என்ற எழுத்தையே அடித்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

பைதனின் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற சார்பு உண்டு. என்எஃப்சி என்ற வடிவத்தைக் கேட்டால் இரட்டைக் குறிகளை ஒற்றையாக்கித் தரும். ள அடித்த பிழையை மட்டும் அது திருத்தாது. இருந்தாலும் நான் சொல்வது வேறு: டெக்ஸ்ட் மனிதருக்கு, வேல்யூ இயந்திரத்துக்கு. டெக்ஸ்டில் கொழுந்து என்று அழகாக எழுதுங்கள். வேல்யூவில் 1 போதும். நாளைக்கு யாராவது ‘கொழுந்து பறித்தல்’ என்று மாற்றச் சொன்னாலும் பழைய பதிவுகள் உடையாது.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது

விண்டோஸில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை; நிர்மலா யூஐ, அதற்கு முந்திய லதா எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. லினக்ஸில் டிகே 8.6 தமிழை வடிவமைக்கத் தெரியாமல் குறிகளை வரிசைப்படி அப்படியே வைக்கும். அதனால் முழுப்பேரின் கொம்பு ப-வுக்கு முன்னால் வராமல் பின்னால் விழும். எழுத்துருவை மாற்றிப் பயன் இல்லை. திரையில் தமிழ் முக்கியம், இயங்குவது லினக்ஸ் என்றால் கியூட்டியைப் பைதனில் பயன்படுத்தத் தரும் பைசைடுக்கு மாறுங்கள். கியூட்டி எழுத்துகளை ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் மூலம் சரியாகக் கோக்கிறது.

பெயர்களுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகள் வந்தால் அந்தப் பட்டியல் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. நம் நாட்டு அலுவலகங்களில் இது இன்னும் ஏராளம். பொத்தானுக்குப் பாமினி எழுத்துருவைக் கொடுத்தால் பார்வைக்குத் தமிழாகும், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் தொடுங்கள்.

வட்டம் சிறியது, விரலுக்கு அகப்படவில்லை

மடுவத்தில் மழையில் நனைந்த கையோடு தொடுதிரையில் பதிபவரின் முறைப்பாடு இது, நியாயமானது. டிகே ரேடியோபட்டனில் இண்டிகேட்டர்ஆன் என்பதை 0 ஆக்குங்கள். வட்டம் போய் முழுப் பொத்தானாகும், தெரிவானது அமுங்கியே இருக்கும். கார் வானொலியே வந்துவிட்டது. டிடிகேயில் டூல்பட்டன் என்ற பாணி இதே காரியத்தைச் செய்யும்.

வேறு கருவியில் எழுதுபவர்களுக்கு

கோளாறுகள் ஒன்றுபோல் இருக்கும், குடும்பத்தை முடிவுசெய்யும் விதம்தான் மாறும். ஜாவா ஸ்விங்கில் பட்டன்குரூப் என்ற பொருளில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்க மறந்தால் ஒன்றும் அணையாது. கியூட்டியிலும் விண்டோஸ் ஃபார்ம்ஸிலும் ஒரே பெற்றோருக்குள் இருப்பவை ஒரு குடும்பம், அங்கே வேலிக்கு மதிப்பு உண்டு. அந்த இரண்டிலும் மாற்ற அறிவிப்பு இரண்டு தடவை வரும்: அணைந்ததற்கு ஒன்று, எரிந்ததற்கு ஒன்று. ஒரு சொடுக்குக்கு இரண்டு வரி பதிவானால் அதுதான் காரணம். எரிந்ததற்கு வந்ததை மட்டும் எடுங்கள்.

முந்தைய ஆளின் தெரிவு அடுத்த ஆளுக்கும் ஒட்டிக்கொள்கிறது

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், பிழைச் செய்தி வராத கோளாறுகளில் இதுதான் மோசமானது. சேமி பொத்தானை அழுத்துகிறார். பெயரும் கிலோவும் உள்ள பெட்டிகள் காலியாகின்றன. ரேடியோ பொத்தான் மட்டும் அரைப்பேரிலேயே நிற்கிறது. அடுத்தவரின் பெயரை அடித்து, கிலோவை அடித்து, சேமி. பயனர் ஒரு தடவை தெரிவுசெய்த ரேடியோ பொத்தானைத் தானாக வெறுமையாக்க முடியாது. மறுபடி சொடுக்கினாலும் அணையாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

சேமிக்கும் சார்பின் முதல் வரியில் வருகை மாறியைக் கெட் செய்து, 0 என்றால் செய்தி காட்டித் திரும்பிவிடுங்கள். கடைசி வரியில் அதை மறுபடி 0-க்கு செட் செய்யுங்கள். செய்தியில் ‘உள்ளீடு செல்லுபடியற்றது’ என்று எழுதாதீர்கள். என் செயலியில் இப்போது இருப்பது: “இவருக்கு இன்னும் பேர் போடவில்லை.” பதிபவர் அதைப் படித்துவிட்டு நிறுவைப் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.